மோசமான நாளை வைத்துத் திட்டம் போடுங்கள்: விசுவாசத்தில் நிலைத்திருக்க ஒரு மூன்று மாத வழிகாட்டி

அப்பா எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். அதற்கு முன்னால் நான் பெரிய திட்டக்காரன். காலையில் ஒரு மணி நேரம் ஜெபம், மூன்று அதிகாரம் வாசிப்பு, வாரம் ஒரு நாள் உபவாசம். ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் வீட்டுக்குமாக ஓடத் தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே அந்தத் திட்டம் படுத்துவிட்டது. அது நின்றதும் குற்ற உணர்வு வந்தது. குற்ற உணர்வு வந்ததும் வேதத்தைத் திறக்கவே கூசியது. திறக்காமல் இருக்க இருக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு வேலை வந்து நிற்கத் தொடங்கியது. அப்பா போன பிறகும் அப்படியே நீடித்து, மொத்தம் பதினான்கு மாதம் ஓடிவிட்டது. இதில் ஒரு நாள்கூட "இனி எனக்கு விசுவாசம் வேண்டாம்" என்று நான் முடிவெடுக்கவில்லை. முடிவே எடுக்காமல் விலகிப்போவதுதான் இதில் வழக்கம்.

திரும்பத் தொடங்கியபோது தட்டுத் தடுமாறிக் கற்றதை இங்கே எழுதுகிறேன். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கும், பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப நினைப்பவர்களுக்கும் இது உதவலாம். கடவுள் ஏன் துன்பத்தை அனுமதிக்கிறார் என்ற கேள்விக்கு இதில் பதில் தேடாதீர்கள். நாளைக்குக் காலையில் என்ன செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. தேவையான பொருட்கள்: ஒரு வேதாகமம், ஒரு நோட்டு

முதலில் வேதாகமம். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் சிலருக்குத் தேன்; சிலருக்குப் பல்லுடைக்கும். இரண்டாவது வகையாக இருந்தால் தயங்காமல் எளிய தமிழில் உள்ள ஒரு மொழிபெயர்ப்பை எடுங்கள். புரியாததை மரியாதைக்காக வாசித்துக்கொண்டிருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்களும் சீர்திருத்தச் சபைகளின் பதிப்பில் 66 நூல்களும் இருக்கும். எண்ணிக்கை மாறுகிறதே என்று பதற வேண்டாம். நான் கீழே சொல்லும் பகுதிகள் எல்லாம் இரண்டிலும் உண்டு. சங்கீதம் என்று நான் சொல்வது கத்தோலிக்கப் பதிப்பில் திருப்பாடல்கள் என்று இருக்கும்.

போனில் வாசிக்கலாமா? வாசிக்கலாம், செலவும் இல்லை. ஆனால் போனைக் கையில் எடுத்தால் வேதத்துக்கு முன்னால் நான்கு மெசேஜ் வந்து நிற்கும். எனக்கு அச்சுப் புத்தகம்தான் சரிப்பட்டது. வாங்க வசதி இல்லையென்றால் சபையில் கேளுங்கள். கேட்பவருக்கு ஒரு பிரதி கொடுக்காத சபை அபூர்வம்.

நோட்டு மெல்லியதாக இருக்கட்டும். பாதி எழுதிய பழைய நோட்டாக இருந்தால் இன்னும் நல்லது. விலை உயர்ந்த அழகான டைரியில் அசிங்கமான உண்மைகளை எழுதக் கை வராது.

2. பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்

உங்கள் வாழ்க்கையின் மிக மோசமான ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காய்ச்சல், கடன்காரர் போன், பிள்ளை அழுகை எல்லாம் ஒன்றாக வந்த நாள். அன்றைக்கும் உங்களால் எவ்வளவு நேரம் ஒதுக்க முடிந்திருக்கும்? அதுதான் உங்கள் அளவு. பெரும்பாலானவர்களுக்கு அது பத்து நிமிடத்தைத் தாண்டாது. சிலருக்கு ஐந்து. ஐந்தே என்றால் ஐந்தே வையுங்கள்.

என் பத்து நிமிடம் இப்படிப் பிரியும்: ஒரு நிமிடம் சும்மா உட்காருவது, நான்கு நிமிடம் வாசிப்பு, இரண்டு நிமிடம் நோட்டு, மூன்று நிமிடம் ஜெபம். மனம் நிறைந்த நாளில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அதை மறுநாளுக்கான கணக்காக்கிவிடாதீர்கள்.

எந்த நேரம் என்பதில் நிறையப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். அதிகாலைதான் பரிசுத்தமான நேரம் என்று எங்கும் எழுதப்படவில்லை. இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்ததாக மாற்கு முதல் அதிகாரம் சொல்கிறது. இரவு முழுவதும் ஜெபித்ததாக லூக்கா ஆறாம் அதிகாரம் சொல்கிறது. சங்கீதம் 55 அந்தி, சந்தி, மத்தியானம் மூன்றையும் சொல்கிறது. இரவுப் பணி முடித்து வருகிறவர் விடிந்த பிறகு தூங்குமுன் உட்காரலாம். கைக்குழந்தைக்காரி குழந்தை தூங்கும் நேரத்தில் உட்காரலாம். ஒன்றே ஒன்று: தினமும் எப்படியும் செய்கிற ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். நான் பல் துலக்கியவுடன் என்று வைத்தேன். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்திருந்த காலத்தில் அந்த நேரம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

இங்கே உள்ள பெரிய கண்ணி, விட்டுப்போன நாளைச் சேர்த்துச் செய்வது. இரண்டு நாள் விட்டால் மூன்றாம் நாள் முப்பது நிமிடம் என்று கணக்குப் போட்டால், நான்காம் நாள் நாற்பது ஆகும், ஐந்தாம் நாள் நீங்கள் உட்காரவே மாட்டீர்கள். வட்டி கட்டுவதுபோல் ஆகிவிடும். விட்டது விட்டதுதான். இன்றைய பத்து நிமிடத்தை மட்டும் செய்யுங்கள்.

3. எங்கிருந்து வாசிப்பது

ஆதியாகமத்திலிருந்து வரிசையாகத் தொடங்கி லேவியராகமத்தில் காணாமல் போனவர்கள் ஏராளம். நானே இரண்டு முறை அங்கே காணாமல் போயிருக்கிறேன். 66 நூல் பதிப்பில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் தினமும் மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். நெருக்கடியில் இருக்கிறவர் சுமக்க வேண்டிய சுமை இல்லை அது.

முதல் மாதம் மாற்கு. இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியது, 16 அதிகாரம். நாளுக்கு அரை அதிகாரம் வைத்தால் ஒரு மாதத்தில் முடியும். இரண்டாம் மாதம் சங்கீதங்கள், அதிலும் முறையிடுகிற சங்கீதங்கள்: 13, 42, 77, 88 ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். ஒரே சங்கீதத்தை மூன்று நான்கு நாள் வாசித்தாலும் பரவாயில்லை. மூன்றாம் மாதம் பிலிப்பியர் நிருபம். நான்கே அதிகாரம்தான், அப்போஸ்தலன் பவுல் சிறையிலிருந்து எழுதிய கடிதம். சந்தோஷத்தைப் பற்றி அதிகம் பேசும் கடிதம் காவலில் இருந்து வந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்து வாசித்தால் அதன் தொனியே மாறும்.

கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை இன்றைய பதிலாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தனி வசனத்தைப் பிய்த்தெடுப்பதும் அப்படித்தான். எரேமியா 29:11 பலருக்கு மனப்பாடம்: நம்மைக் குறித்துக் கடவுள் நினைத்திருப்பவை சமாதானத்துக்கானவை என்கிற வசனம். அதற்கு முந்தைய வசனத்தை யாரும் சொல்வதில்லை. பாபிலோனில் எழுபது வருடம் நிறைவேறிய பிறகு என்று அங்கே இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது; அதைக் கேட்டவர்களில் வயதானவர்கள் ஊர் திரும்பியிருக்க வாய்ப்பே இல்லை. அதே கடிதம் அவர்களை அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டம் போடவும் சொல்கிறது. என் இண்டர்வியூ அடுத்த வாரம் என்று அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு, வேலை கிடைக்காமல் போனதும் கடவுள் வாக்கு மாறிவிட்டார் என்று நான் கோபப்பட்டதுண்டு. அது எனக்கு அப்படிக் கொடுத்த வாக்கே இல்லை. ஒரு வசனம் பிடித்துப்போனால் அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனம் வாசியுங்கள். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.

4. ஜெபத்தில் உள்ளதைச் சொல்லுங்கள்

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் செய்த ஜெபங்கள் மேடை ஜெபங்கள். "அன்பும் இரக்கமும் நிறைந்த பரம பிதாவே" என்று ஆரம்பித்து, நன்றி சொல்லி, துதித்து, சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்து அழகாக முடிப்பேன். வெளியே நடைபாதைக்கு வந்ததும் சுவரைக் குத்தத் தோன்றும். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, அந்த நடைபாதையின் இரும்பு நாற்காலியில், காலியான மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "நீர் கேட்கிறீரா இல்லையா?" என்று மட்டும் கேட்டேன். பதில் எதுவும் வரவில்லை. ஆனால் பல மாதங்களில் நான் செய்த முதல் உண்மையான ஜெபம் அதுதான் என்று பின்னால்தான் புரிந்தது.

இப்படிப் பேசலாமா என்ற பயம் வரும். சங்கீதம் 13 தொடங்குவதே "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான். அது ஆறு வசனத்துக்குள் நம்பிக்கைக்குத் திரும்பிவிடுகிறது. 88 திரும்புவதே இல்லை, இருளிலேயே முடிகிறது. அப்படி முடிகிற பாட்டையும் ஆராதனையில் பாடுவதற்கென்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் ஜெபமும் அப்படி முடியலாம். கடைசியில் வலுக்கட்டாயமாக ஒரு நன்றியை ஒட்டவைக்க வேண்டாம்.

வார்த்தையே வராத நாட்களுக்கு மூன்று வழிகள்.

"பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கும், கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஒரு முறை மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். அது போதும்.

வேதத்தில் உள்ள ஒரு வரி ஜெபங்களைக் கடன் வாங்குங்கள். தண்ணீரில் அமிழும்போது பேதுரு சொன்னது "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்பது மட்டும். நீளமாக ஜெபித்திருந்தால் மூழ்கியிருப்பார். நோயாளிப் பிள்ளையின் தகப்பன் மாற்கு 9:24இல் சொன்னது இன்னும் நெருக்கமானது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி நம்பிக்கையோடு வந்த அந்த மனிதனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை சுகமானான்.

வேலைக்கு நடுவே ஜெபியுங்கள். நெகேமியா இரண்டாம் அதிகாரத்தில், உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா நெகேமியாவிடம் கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் நெகேமியா ஜெபம் பண்ணுகிறார். சில விநாடிதான் இருந்திருக்கும். மேலதிகாரி கத்தும்போது, வீட்டில் வார்த்தை தடிக்கும்போது, கோபமான மெயிலை அனுப்பப் போகும்போது இது கைகொடுக்கும். பத்து நிமிடம் உட்கார முடியாத நாளிலும் இதைச் செய்யலாம்.

அப்புறம் நோட்டு. பக்கத்தில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் தேதியும் கேட்டதும். வலப்பக்கம் நடந்ததும் அதன் தேதியும். "ஆசீர்வதியும்" என்று பொதுவாக எழுதாதீர்கள், பின்னால் சரிபார்க்க முடியாது. "வியாழக்கிழமை ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது கை நடுங்கக் கூடாது" என்று எழுதுங்கள். வலப்பக்கத்தில் "இல்லை" என்றும் எழுதத் தயங்க வேண்டாம். என் நோட்டில் தொடர்ச்சியாக பத்தொன்பது நாள் "இன்று ஒன்றும் தோன்றவில்லை" என்று மட்டும் இருக்கிறது. அந்தப் பத்தொன்பது நாளும் உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

வறட்சி வந்தால் உங்களுக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள். அன்னை தெரசா 1997இல் இறந்தார். பத்து வருடம் கழித்து வெளியான அவரது கடிதங்களில், கடவுளின் அருகாமையை உணராமலேயே பல பத்தாண்டுகள் ஊழியம் செய்ததை அவரே எழுதியிருந்தார்.

5. சபைக்குத் திரும்புவது, ஒரே ஒருவரிடம் பேசுவது

நீண்ட நாள் கழித்துப் போகும் முதல் ஞாயிறு கடினம். ஆராதனையைவிட வாசல்தான் கடினம். "ஆளையே காணோமே?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். பத்துப் பேருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஒரு வரிப் பதிலை வீட்டிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். "கொஞ்சம் சோர்ந்துபோயிருந்தேன், இப்போ வந்துட்டேன்" என்பது என் வரி. ஆராதனை தொடங்குவதற்குச் சரியாக ஐந்து நிமிடம் முன்னால் போனால் விசாரணை குறையும். தாமதமாகப் போகாதீர்கள், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

பாட முடியவில்லையென்றால் சும்மா நில்லுங்கள். தோமாவை நினைத்துக்கொள்ளுங்கள். மற்றச் சீடர்கள் எல்லோரும் உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்தோம் என்கிறார்கள், இவர் நம்பவில்லை. ஆனாலும் எட்டு நாள் கழித்து அதே வீட்டில், அவர்களோடேயே இருந்தார். அவர்களும் அவரை வெளியே தள்ளவில்லை. ஆண்டவர் வந்தபோது அவர் அங்கே இருந்தார் என்பதுதான் விஷயம்.

அடுத்து, ஒரு ஆள். ஒருவர் போதும். வாரம் ஒரு முறை, பதினைந்து நிமிடம், போனிலோ நேரிலோ. எப்படித் தேர்ந்தெடுப்பது? அவர் மற்றவர்களின் விஷயங்களை உங்களிடம் சொல்கிறாரா என்று பாருங்கள். "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் அடுத்த வீட்டு ரகசியம் உங்கள் காதுக்கு வந்தால், உங்களுடையதும் நாளைக்கு வேறொரு காதுக்குப் போகும். இரண்டாவது, நீங்கள் பேசி முடிக்கும்வரை வசனம் சொல்லாமல் இருப்பவரா என்று பாருங்கள். எல்லாவற்றையும் இழந்து துன்பத்தில் கிடந்த யோபின் நண்பர்கள் ஏழு நாள் இராப்பகலாக அவரோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு.

முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். சின்னதாக ஒன்றைச் சொல்லி, ஒரு மாதம் அது எங்கும் பரவாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சந்தேகபுத்தி என்று சிலர் சொல்லக்கூடும். நான் ஒரு முறை சூடுபட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

6. பணம், பொருத்தனை, மருந்து: மூன்று கண்ணிகள்

மேலே சொன்ன எதற்கும் பணம் தேவையில்லை. ஆகவே "இவ்வளவு காணிக்கை அனுப்பினால் உங்கள் காரியம் வாய்க்கும்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். குஷ்டரோகியாக இருந்த நாகமான் சுகமானதும் கொடுத்த பரிசைத் தீர்க்கதரிசி எலிசா வாங்கவில்லை. பின்னால் ஓடிப்போய்ப் பொய் சொல்லி வாங்கிய வேலைக்காரன் கேயாசிக்குக் குஷ்டம்தான் மிஞ்சியது. கடன் வாங்கிக் காணிக்கை கொடுப்பதும் வேண்டாம். ஒருவனிடம் இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது.

பொருத்தனையும் அப்படித்தான். பயத்தில் இருக்கும்போது வாய் தாராளமாக நேர்ந்துகொள்ளும். நேர்ந்துகொண்டு செய்யாமல் போவதைவிட நேர்ந்துகொள்ளாமல் இருப்பதே நலம் என்று பிரசங்கி ஐந்தாம் அதிகாரம் எச்சரிக்கிறது. நெருக்கடி முடியும்வரை புதிதாக எதையும் நேர்ந்துகொள்வதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து விஷயத்தில் மட்டும் நான் கறாராகப் பேசுவேன். "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார். அப்பா இரண்டு நாள் மாத்திரையைத் தொடவில்லை; மூன்றாம் நாள் மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு ஓடினோம். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு வைத்தியம் சொல்லியிருக்கிறார். தன் உடன் ஊழியர் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததாகவும் எழுதியிருக்கிறார். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

மனச்சோர்வுக்கும் இது பொருந்தும். எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட கையோடு, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டார். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டான், எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி கொடுத்தான். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலை எல்லாம் குலைந்துகிடந்தால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு மருத்துவ உதவிக்குப் போங்கள். போதகரிடம் பேசுவதும் மருத்துவரிடம் போவதும் ஒன்றுக்கொன்று எதிரியில்லை.

7. எப்போது என்ன நடக்கும்

என் அனுபவத்தில் முதல் வாரம் உற்சாகமாகவே போகும். இரண்டாம், மூன்றாம் வாரம்தான் சிக்கல். புதுமை போயிருக்கும், பழக்கம் வந்திருக்காது. அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும், உங்கள் அந்த ஒரு ஆளைத் தினமும் ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். "உட்கார்ந்தாயா?" என்று கேட்டால் போதும்.

பழைய கோபமோ பழைய பொய்யோ திரும்ப வரும். வந்த அன்றே அறிக்கையிட்டுவிட்டு அன்றைய பத்து நிமிடத்தைச் செய்யுங்கள். "சுத்தமானபின் உட்காருகிறேன்" என்று தள்ளிப்போட்டதுதான் என் பதினான்கு மாதத்தில் பெரும்பகுதியைத் தின்றது.

மூன்று மாதம் முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கி நோட்டை முதலிலிருந்து வாசியுங்கள். காலியாக இருக்கும் வலப்பக்கங்களை நிரப்புங்கள். நடந்தே போயிருக்கும் சிலவற்றை நாமே மறந்திருப்போம். எனக்கு இடப்பக்கத்தில் நாற்பத்தொரு வரிகள் இருந்தன. அவற்றில் பதினேழு நடந்திருந்தன, பன்னிரண்டு இல்லை என்று ஆகியிருந்தன, பதினொன்றை ஏன் கேட்டேன் என்றே நினைவில்லை. ஒன்று மட்டும் இன்னும் காலி. நோட்டு முடிந்துவிட்டதால், அந்த வரியைப் புது நோட்டின் முதல் பக்கத்தில், இடப்பக்கம், அதே பழைய தேதியோடு எழுதி வைத்தேன்.